மூத்த வீட்டார் இன்னும் பெறவில்லை

கள்ளிக்குப்பத்தில் எங்கள் பங்காளிகள் நான்கு வீடு. இன்று அது பல அடுப்பாகப் பிரிந்துவிட்டது. பாதிப்பேர் நிலத்தை விற்று, ஃப்ளாட் கட்டி, வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஆனாலும் சுபகாரியம் என்று வந்தால் கணக்கு நான்கு வீடுதான். மூத்த வீடு லோகநாதன் அண்ணனுடையது. இரண்டாவது என்னுடையது. கல்யாணம் யார் வீட்டில் நடந்தாலும் அழைப்பு முதலில் மூத்த வீட்டுக்குப் போக வேண்டும். அவர் கைநீட்டி வாங்கிய பிறகுதான் அடுத்த வீட்டார் பத்திரிகையைக் கண்ணால் பார்க்கலாம். அதுவரை அச்சகத்திலிருந்து வந்த கட்டைப் பிரிக்கக்கூட மாட்டோம். பந்தக்காலை முதலில் பிடிப்பதும் மூத்த வீட்டுக் கைதான். அந்தக் கை வராவிட்டால் கால் நடுவதில்லை. கால் நடாமல் நடக்கிற கல்யாணத்தில் எங்கள் ஆட்கள் சாப்பிட உட்கார மாட்டார்கள்.

என் மகள் வர்ஷாவின் கல்யாணத்துக்கு அந்தக் கை வருமா வராதா என்று ஆகிவிட்டது. அதற்குக் காரணம் ஒரு போன் கம்பெனி என்று நான் சொல்கிறேன். என் மனைவி கமலம் வேறு காரணம் சொல்கிறாள். அதை இங்கே எழுதத் தேவையில்லை.

எல்லாம் நிச்சயதார்த்தத்தன்று ஆரம்பித்தது. மாப்பிள்ளை விக்ரமின் அப்பா ராகவன் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சென்னீர்குப்பத்தில் ஃப்ளாட் வாங்கியிருக்கிறார். நல்ல மனிதர். ஆனால் எதையும் ஒரு புன்னகையோடு சொல்லி, நின்றுகொண்டிருப்பவனை உட்கார வைத்துவிடுவார். தன் உறவினர் எல்லோருக்கும் நாதஸ்வரம் சேர்த்த வீடியோவாக அழைப்பை அனுப்பிவிட்டதாகச் சொன்னவர், என் பக்கம் திரும்பி, "இப்ப யாரு சார் பத்திரிகை அடிக்கிறாங்க? நீங்க வேணும்னா உங்க வழக்கப்படி அடிச்சுக்கிடுங்க" என்றார்.

அந்த 'வேணும்னா' என்னைத் தைத்தது. சபையில் முப்பது பேர் இருந்தார்கள். என் மகள் போனில் ஓடுகிற ஆப் எழுதுகிறவள், எங்கள் அழைப்பு ஆப்பாகவே வரும், காகிதம் ஒன்றுகூட அடிக்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டேன். வர்ஷா என்னைப் பார்த்த பார்வையை அப்போது நான் பெருமை என்று எடுத்துக்கொண்டேன்.

லோகநாதன் அண்ணன் முன்வரிசையில் இருந்தார். அவர் மகன் ராஜசேகரன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய போன் அவர் சட்டைப் பையில் இருந்தது. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கலாம், அந்த விலை. அதை எடுத்துத் தொடைமேல் வைத்துத் துண்டால் ஒருமுறை துடைத்தார். "வரட்டும் சுப்பராயா. இதுலயே வரட்டும்" என்றார். நான் தலையசைத்தேன். சபையில் கொடுத்த வாக்கு.

வர்ஷா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். ஒருமுறை எழுதினால் எல்லா வகைப் போனிலும் ஓடும்படி எழுதுவதுதான் அவள் வேலை. விலை கூடின போனுக்கு ஒன்று, சாதாரண போனுக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுத வேண்டியதில்லை என்பாள். எனக்கு அது பிடித்திருந்தது. எல்லா வீட்டுக்கும் ஒரே அழைப்பு என்பது முறையான விஷயம்.

அவள் முதலில் ஆப்பே வேண்டாம் என்றாள். ஒரு வலைப்பக்கம் போட்டு லிங்க் அனுப்பினால் போதும், எந்தப் போனிலும் திறக்கும், எவன் அனுமதியும் வேண்டாம் என்றாள். லிங்க் என்பது கடன் கொடுக்கிறோம் என்று சொல்கிறவர்கள் அனுப்புவது. எங்கள் வீட்டு அழைப்பு அந்த வரிசையில் போய் நிற்காது என்று சொல்லிவிட்டேன். ஆப் என்றால் போனில் தனக்கென்று ஓர் இடம் பிடித்து, முத்திரையோடு உட்கார்ந்திருக்கும். முத்திரைக்கு என் அப்பாவின் தலைப்பாகை கட்டிய படத்தைத்தான் கொடுத்தேன். அதைத் திறக்க ஒவ்வொருவரும் கட்டைவிரலால் அப்பாவின் முகத்தில் அழுத்த வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. நெற்கதிர்க் கட்டு ஒன்றை மாற்றிப் போடச் சொன்னேன்.

நம் முறை ஆப்பிலும் இருக்க வேண்டும் என்றேன். யார் திறந்தாலும் எந்த வீட்டைச் சேர்ந்தவர் என்று கேட்க வேண்டும். மூத்த வீட்டார் திறந்து, 'ஏற்றுக்கொண்டேன்' என்ற இடத்தில் தொட்ட பிறகுதான் மற்ற வீடுகளுக்கு அழைப்பு தெரிய வேண்டும்.

"எல்லாரும் ஒண்ணா பாத்தா இன்னா ஆயிடும் நைனா?" என்றாள் வர்ஷா.

"ஒண்ணும் ஆவாது. கல்யாணம்தான் ஆவாது."

அவள் பூட்டுப் போட்டாள். பூட்டியிருக்கும்போது திரையில் தெரிய வேண்டிய வாசகத்தை நானே எழுதிக் கொடுத்தேன். 'மூத்த வீட்டார் இன்னும் பெறவில்லை. அருள்கூர்ந்து பொறுத்திருக்கவும்.' அருள்கூர்ந்து என்பதை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். கூடாது என்றேன்.

சாதாரண போன் வைத்திருப்பவர்களுக்கு அன்று மாலையே ஆப் போய்ச் சேர்ந்தது. அதில் யாரையும் கேட்க வேண்டியதில்லை, அனுப்பினால் ஏற்றிக்கொள்ளலாம். விலை கூடின போனில் அப்படி இல்லையாம். அந்தக் கம்பெனி வைத்திருக்கிற ஒரே கடை வழியாகத்தான் எதுவும் உள்ளே போக முடியும். அங்கே ஓர் ஆள் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, தகுதி உண்டா என்று முடிவு செய்வானாம். போனுக்குச் சொந்தக்காரனே விரும்பினாலும் அவன் ஒப்புதல் இல்லாமல் ஒன்றும் ஏறாதாம். இதைக் கேட்டபோது எனக்கு அந்தக் கம்பெனியின் மேல் மதிப்புத்தான் வந்தது. வாசலில் ஆள் வைத்து, வருகிறவன் யார் என்று கேட்டு விடுவது நல்ல குடும்பத்துக்கு அடையாளம்.

அந்த ஆள் எங்கள் அழைப்பை நிராகரித்தான்.

வர்ஷா படித்துச் சொன்னாள். ஆப்பைத் திறந்தால் பொறுத்திருக்கச் சொல்கிறது, பொறுத்திருந்தாலும் ஒன்றும் நடக்கவில்லை, பயனருக்கு இதில் எந்தப் பயனும் இல்லை என்று எழுதியிருந்தார்களாம். விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. சோதித்துப் பார்க்க ஒரு பெயர் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. இவள் ஊரிலேயே இல்லாத ஒருவரின் பெயரை நான்காவது வீட்டில் சேர்த்துக் கொடுத்திருக்கிறாள். நான்காவது வீட்டுக்காரன் திறந்தால் பூட்டுத்தான் தெரியும். எங்கள் வம்சத்தில் இல்லாதவனை வம்சத்தில் சேர்த்ததற்காக அவளைக் கண்டித்தேன்.

பிறகு அந்த ஆளுக்கு ஒரு பதில் சொன்னேன். நான்கு வீடு எப்படி வந்தது, ஏரிப் பாசனத்தில் எங்களுக்கு என்ன உரிமை இருந்தது, பொறுத்திருப்பது ஏன் மரியாதை என்றெல்லாம் விளக்கினேன். வர்ஷா ஆங்கிலத்தில் தட்டினாள். நான் பேசி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அவள் தட்டியது இரண்டு வரி. ஆங்கிலம் சுருக்கமான பாஷை என்றாள்.

இதற்கிடையில் ஊரில் நெற்கதிர்க் கட்டு அண்ணனுடையதைத் தவிர எல்லாப் போனிலும் ஏறிவிட்டது. திறந்தவர்கள் எல்லோரும் ஒரே வாசகத்தைப் படித்தார்கள். முதல் நாள், மூத்த வீட்டார் இன்னும் பெறவில்லையாம் என்றார்கள். மறுநாள், மூத்த வீட்டார் வாங்க மாட்டேன் என்கிறாராம் என்று ஆயிற்று. வாரக் கடைசியில் காரணமும் கிடைத்துவிட்டது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற முருங்கை மரம் என்றார்கள் சிலர். என் மகனுக்குப் பெண் பார்த்தபோது அண்ணனைக் கூட்டிப் போகவில்லை என்றார்கள் சிலர். எனக்கு மகனே கிடையாது.

அண்ணன் வாய் திறக்கவில்லை. எனக்கு எதுவும் வரவில்லை என்று சொன்னால், ஊரிலுள்ள ஓட்டைப் போனுக்கெல்லாம் வந்தது தன் சிங்கப்பூர் போனுக்கு வரவில்லை என்று ஒப்புக்கொள்வதாகும். கேட்டவர்களிடம் "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாராம். அந்த 'பாக்கலாம்' எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியது.

நான்காவது வீட்டுத் தமிழரசு என்னைத் தேடி வந்தான். எஸ்டேட்டில் டெம்போ ஓட்டுகிறான். போன் திரையில் விரிசல் விழுந்து, ஒரு மூலையில் பச்சையாக ஒழுகியிருக்கும்.

"பெரியப்பா, ஊர்ல கண்டபடி பேசிகினு கீறானுங்க. நான் ஒரு ஐடியா சொல்றேன், திட்டாத. என் போன எட்த்துகினு போய் அவராண்ட குடுப்போம். அதுல மூத்த வூடுன்னு போட்டு ஒரு அமுக்கு அமுக்கட்டும். மேட்டர் ஓவர்."

மூத்த வீட்டார் கடைசி வீட்டின் உடைந்த போனில் அழைப்பை வாங்குவதா என்று கேட்டேன்.

"உடைஞ்சது கண்ணாடிதான் பெரியப்பா. உள்ள நல்லாத்தான் கீது."

வர்ஷாவும் ஒரு வழி சொன்னாள். அண்ணனின் போனை வாங்கி வந்து, தன் லேப்டாப்பில் வயர் போட்டு இணைத்து ஏற்றிக் கொடுத்துவிடலாமாம், கடையைக் கேட்க வேண்டாமாம். கொடுக்கப் போகிறவன் வாங்குகிறவரிடமே போய், உங்கள் பையைக் கொஞ்சம் கொடுங்கள், அழைப்பை உள்ளே போட்டுத் தருகிறேன் என்று கேட்பதா. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு நேரில் போய்விடு என்றாள் கமலம். காகிதம் இல்லை, ஆப்தான் என்று சபையில் சொன்ன வாய் இது. தட்டைத் தூக்கினால் முதலில் சிரிக்கிறவர் ராகவனாக இருப்பார். மூன்று யோசனையையும் தள்ளினேன்.

மிச்சமிருந்தது அந்த ஆளை மறுபடி கேட்பதுதான். இந்த முறை பூட்டில்லாத பெயர் கொடுத்தால்தான் ஆப் என்ன செய்யும் என்பது அவனுக்குத் தெரியும். பூட்டில்லாத பெயர் மூத்த வீடு ஒன்றுதான். பொய்ப் பெயர் போட நான் விடவில்லை. அண்ணனின் பெயரையே கொடு என்றேன். நம் வாசலுக்கு வருகிறவனை உயர்ந்த ஆசனத்தில் உட்கார வைத்தால் அவனும் கௌரவமாக நடந்துகொள்வான்.

வர்ஷா தயங்கினாள். "நைனா, அவங்க எல்லா பட்டனையும் அமுக்கிப் பாப்பாங்க. அதான் அவங்க வேலையே. நான் மொதல்ல சோதனைக்குன்னு தனியா ஒரு சர்வர் போட்டுக்கிறேன், ரெண்டு நாள் குடு."

பந்தக்காலுக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. "அடுத்தவன் வூட்டு அழைப்ப எவனாவது ஏத்துப்பானாம்மா? பாத்துட்டு வெச்சிடுவான். அனுப்பு" என்றேன். மரியாதை தெரிந்த கம்பெனி என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது என் போன் ஒலித்தது. கமலத்தின் போன் ஒலித்தது. பக்கத்து வீட்டில் ஒலித்தது. தெரு முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்துக்கொண்டே போய், முனையிலிருந்த மாவு மில்லில் நின்றது. 'மூத்த வீட்டார் திரு. லோகநாதன் அவர்கள் அழைப்பை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டார்' என்று எல்லோருக்கும் வந்திருந்தது. இந்த வாசகமும் நான் எழுதியதுதான்.

நான் எழுந்து நின்று சாமி படத்தைக் கும்பிட்டேன். அண்ணன் பெரிய மனிதர் என்று கமலத்திடம் சொன்னேன். அதற்குள் வர்ஷா லேப்டாப்போடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"நைனா, அது அவர் இல்ல. போன் கம்பெனி ஆளு. ஏதோ வெளிநாட்லேர்ந்து அமுக்கியிருக்காங்க."

கடல் தாண்டி எங்கேயோ முகம் தெரியாத ஒருவன் கள்ளிக்குப்பத்து மூத்த வீட்டின் முதல் அழைப்பை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டிருக்கிறான். நான் மறுபடி உட்கார்ந்தேன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவனிடமிருந்து இன்னொரு தகவல் வந்தது. இந்த ஆப் ஒரு குடும்பத்தாருக்கு மட்டுமே பயன்படுகிறது, பொதுக் கடையில் வைப்பதற்கில்லை என்று நிராகரித்திருந்தான். அழைப்பை ஏற்றுக்கொண்டவனே அழைப்பிதழைத் திருப்பி அனுப்பிவிட்டான். என் அறுபத்தாறு வயதில் இப்படி ஒரு விருந்தாளியை நான் கண்டதில்லை.

அந்த நேரத்தில் அண்ணன் முகத்தில் சோப்புடன் சலூன் நாற்காலியில் இருந்தார். இதைத் தமிழரசு வந்து சொன்னான். சேதி வந்ததும் ஐந்தாறு பங்காளிகள் சலூனுக்குள்ளேயே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்களாம். பெரிய மனசு, பழசையெல்லாம் மறந்துட்டீங்க என்றார்களாம். சவரக் கத்தி கன்னத்தில் இருந்ததால் அண்ணன் எதுவும் பேசவில்லையாம். ஒருவன் மாலை வாங்க ஓடினானாம்.

தலைப்பாகை கட்டிய என் அப்பாவின் காலத்தில் மூத்த வீட்டைத் தாண்டி ஒரு வாழைப்பழம்கூடப் போனதில்லை. அன்று மாலை தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்துத் தூக்கிக்கொண்டேன். ராகவன் சிரித்தால் சிரிக்கட்டும். கமலம் கூட வந்தாள். வழியில் அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

அண்ணன் கூடத்தில் சத்தமில்லாமல் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் மாலை இல்லை, நாற்காலிக் கையில் தொங்கியது. தட்டை அவர் முன்னால் நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.

"இது இன்னாத்துக்கு?"

"அழைப்பு அண்ணே."

"அதான் ஏத்துகினேனே. ஊருக்கே சேதி போயிட்சே."

நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எல்லாம் தெரியும். என் போன்ல ஒண்ணுமே இல்லன்னு எனக்குத் தெரியாதா? நானும் ஒரு வாரமா அத தடவிகினுதான் கீறேன். ஆனா சலூன்ல கைய புட்ச்சானுங்க, கறிக்கடைல புட்ச்சானுங்க. முருங்க மரத்தையே மன்னிச்சிட்டேன்றானுங்க. இப்பப் போய் அமுக்கினது நானில்ல, எவனோ வெளிநாட்டுக்காரன்னு சொன்னா என் மானம் இன்னா ஆவறது? உன் மானம்தான் இன்னா ஆவறது?"

எங்கள் வீட்டில் இதைவிடச் சரியாக யாரும் பேசிக் கேட்டதில்லை.

"நான்தான் அமுக்கினேன்" என்றார் அண்ணன். "ரெண்டாந்தரம் அழைப்பு வாங்கற பழக்கம் மூத்த வூட்டுக்கு இல்ல. தட்ட எட்த்துகினு போ."

பிறகு, அமுக்கினவன் பேர் என்ன என்று கேட்டார். பெயர் சொல்ல மாட்டார்களாம் என்றேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. தன் பெயரில் வாங்கியவன் யாராக இருந்தாலும் தன் வீட்டு ஆள் கணக்கு, வாங்கியவன் வந்தே ஆக வேண்டும், அவனை ஒழுங்காகக் கூப்பிடு என்றார். அன்று இரவே வர்ஷாவை உட்கார வைத்து அந்த ஆளுக்கு முறைப்படி அழைப்பு எழுதினேன். தேதி, முகூர்த்த நேரம், குமணன்சாவடி மண்டபத்துக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது வரை இந்த முறை ஒன்றும் சுருக்க விடவில்லை. கடிதத்துக்கு நன்றி, முடிவில் மாற்றமில்லை, மேல்முறையீடு செய்யலாம் என்று பதில் வந்தது. வர முடியாது என்று சொல்லவில்லை. இரண்டு இலை சேர்த்துப் போடச் சொல்லிவைத்தேன். தனியாக வர மாட்டான்.

அன்று மாலை அண்ணன் வீட்டிலிருந்து கிளம்பி நாங்கள் தட்டோடு வாசல்வரை போனதும் அண்ணன் கூப்பிட்டு, பூவையும் பழத்தையும் மட்டும் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அது அழைப்புக்காக இல்லையாம், அண்ணி கேட்டாளாம். அண்ணி அப்போது வீட்டில் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் வாசலில் பந்தக்கால். நான்கு வீட்டாரும் வந்துவிட்டார்கள். சம்பந்தி வீட்டாரும் வந்திருந்தார்கள். மூங்கிலுக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, நவதானிய முடிச்சுப் போட்டுத் தயாராக வைத்திருந்தது. அண்ணன் புது வேட்டியில் வந்தார். சட்டைப் பையில் போன் பளபளத்தது. அவர் குனிந்து மூங்கிலைத் தொடப் போன நேரத்தில் ராகவன் அருகே வந்தார். புன்னகையோடுதான் வந்தார்.

"நீங்கதான் முதல்ல ஏத்துக்கிட்டீங்களாமே, சந்தோஷம். அந்த ஆப்பைக் கொஞ்சம் காட்டுங்களேன், உங்க போன்ல எப்படி இருக்குன்னு பார்ப்போம்." தன் பையிலிருந்து போனை எடுத்தார். அதே கம்பெனி, அதே நிறம். "என்கிட்டயும் இதேதான் இருக்கு. நானும் தேடிப் பார்த்தேன், எனக்கு வரவே இல்லையே."

தமிழரசு தன் விரிசல் போனை இடுப்பில் செருகிக்கொண்டான். வர்ஷா தரையைப் பார்த்தாள். அண்ணன் பையில் கை வைத்துப் போனை எடுத்துக் காட்டினால் வெறும் திரைதான் தெரியும். என் மகளின் உழைப்பு, என் வாக்கு, மூத்த வீட்டின் பெயர் எல்லாம் அந்த வெறும் திரையில் போய்விடும். அண்ணன் கோபித்துக்கொண்டு திரும்பி நடந்தால் கல்யாணமே போய்விடும்.

அண்ணன் நிமிர்ந்தார். ராகவனின் போனைப் பார்த்தார். அவசரப்படாமல் துண்டைத் தோளில் சரிசெய்தார்.

"உங்களுக்கு வராது சம்பந்தி. அந்த போன்ல மூத்த வூட்டுக்கு மட்டுந்தான் வுட்டிருக்கோம்."

ராகவன் தன் போனைப் பார்த்தார். பிறகு அண்ணனின் சட்டைப் பையைப் பார்த்தார். கேட்க ஏதோ வாயெடுத்தார். எங்கள் நான்கு வீட்டாரும் ஒரே முகமாக அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் போனை மெல்லப் பையில் போட்டுக்கொண்டு, அப்படியா, நல்ல ஏற்பாடு என்றார். அந்த மனிதர் சிரிக்காமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

அண்ணன் மூங்கிலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, குழியில் இறக்கினார். அடுத்து என் கை.

"நேரா புடி சுப்பராயா" என்றார். "சாயுது பாரு."